வேப்புக்கு மாறி தம்மை விட்டுறலாமா? ராமநாதபுரம் கரைக்காரவுகளுக்கு ஒரு வழிகாட்டி

துபாய்ல இருந்து மச்சான் ஒரு வேப் (இ-சிகரெட்) கொண்டாந்திருக்காரு, அதை இழுத்தா சிகரெட்டை விட்டுறலாமாமே, நெசமான்னு கேக்குற ஆளுக இப்ப கூடிப்போச்சு. நான் மண்டபம் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்புல நிக்கிறேன், கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டின்னு சபராளி (வெளிநாடு போய் சம்பாதிக்கிறவுக) வீடு இருக்குற ஊர்ல எல்லாம் இதே பேச்சுதான். டாக்டர்ட்ட கேக்க கூச்சம், வீட்டுல கேக்கவே முடியாது, அதனால கவுண்ட்டர்ல வந்து கூட்டம் குறையுற வரைக்கும் நின்னு குரலைத் தாழ்த்தி கேப்பாக. அவுகளுக்கு சொல்றதைத்தான் இங்க விரிவா எழுதுறேன். புதுசா விட நினைக்கிறவங்க வரிசையா படிங்க, குறிப்பா கம் (நிக்கோட்டின் கலந்த சூயிங்கம் மாதிரி மருந்து) மெல்லுற பகுதியை தாண்டிப் போயிராதீங்க.

மொதல்ல வேப் கதை

ஆளை அடிமையாக்குறது புகையிலையில உள்ள நிக்கோட்டின், ஆளைக் கொல்றது புகை. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கப் பழகிட்டா மிச்ச எல்லாம் புரிஞ்சுரும். சிகரெட்டோ பீடியோ பத்த வச்சதும் இலை எரிஞ்சு தார், கார்பன் மோனாக்சைடுன்னு 7,000க்கு மேல கெமிக்கல் உள்ள போகுது, கேன்சரும் மாரடைப்பும் நுரையீரல் அடைப்பும் அதுல இருந்துதான். வேப்ல எரியுற வேலை இல்ல, நிக்கோட்டின் கலந்த லிக்விடை சூடு பண்ணி ஆவியா இழுக்குறது. தார் இல்ல, கார்பன் மோனாக்சைடு இல்ல, ஆனா அது வெறும் காத்தும் இல்ல, வருஷக்கணக்குல இழுத்தா என்னாகும்னு இன்னும் முழுசா முடிவாகல.

இங்கிலாந்துல அரசாங்கமே சிகரெட்காரங்களை வேப்புக்கு மாத்தி விடுது. அங்க நடந்த ஒரு ஆராய்ச்சி 2019ல வந்துச்சு, 886 பேரை ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு வேப், இன்னொரு பாதிக்கு கம், பேட்ச் மாதிரி நிக்கோட்டின் மருந்து குடுத்தாங்க. ஒரு வருஷம் கழிச்சு பார்த்தா வேப்காரங்கள்ல 18 சதவீதம் பேரு சிகரெட்டை விட்டிருந்தாங்க, மருந்துக்காரங்கள்ல 9.9 சதவீதம். அப்ப வேப்தான் ஜெயிச்சுச்சுன்னு உங்க மச்சான் சொல்றது பொய்யில்ல. ஆனா அதே ஆராய்ச்சியில இன்னொரு கணக்கும் இருக்கு, அதை யாரும் சொல்ல மாட்டாக: சிகரெட்டை விட்ட வேப்காரங்கள்ல 80 சதவீதம் பேரு ஒரு வருஷம் ஆகியும் வேப்பை விடல, மருந்துல விட்டவங்கள்ல 9 சதவீதம் பேருதான் இன்னும் மருந்தைப் பிடிச்சிக்கிட்டு இருந்தாங்க. புகை போச்சு, அடிமைத்தனம் அப்படியே நிக்குது. எது பெருசுங்கிறது அவங்கவங்க பாடு.

இதெல்லாம் அங்க. இங்க சட்டம் வேற. தமிழ்நாட்டுல 2018லயே தடை போட்டாச்சு, 2019 செப்டம்பர்ல மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்து டிசம்பர்ல முழுச் சட்டமாவே ஆக்கிருச்சு. தயாரிக்கிறது, இறக்குமதி, விக்கிறது, விளம்பரம் பண்றது எல்லாமே குத்தம், மொத தடவை மாட்டுனா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லைன்னா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். ஸ்டாக் வச்சிருந்தா ஆறு மாசம் இல்லைன்னா 50,000. நான் விக்கலையே, நான் மட்டும்தானே இழுக்கிறேன்னு கேப்பீக. பெட்டியில போட்டு கொண்டு வர்றதே இறக்குமதிதான் அண்ணே, மதுரையிலயோ திருச்சியிலயோ கஸ்டம்ஸ்ல பிடிச்சா மச்சானோட லீவே கெட்டுப்போகும்.

திருட்டுத்தனமா விக்கிறது கிடைக்குதேன்னா, அதுல என்ன லிக்விட் இருக்குன்னு விக்கிறவனுக்கே தெரியாது. 2019ல அமெரிக்காவுல வேப் இழுத்து நுரையீரல் கெட்டு 2,800 பேருக்கு மேல ஆஸ்பத்திரில கிடந்தாக, 68 பேரு செத்தாக. பெரும்பாலும் கஞ்சா எண்ணெயில வைட்டமின் ஈ அசிடேட்னு ஒண்ணைக் கலந்து கள்ளத்தனமா வித்த சரக்குதான் காரணம். கடையில பில் போட்டு வாங்க முடியாத ஒரு பொருளை நெஞ்சுக்குள்ள இழுக்குறதுக்கு எனக்கு மனசு வராது.

வெளிநாட்டுல இருக்குறவுக வேற கணக்கு. துபாய்ல 2019ல இருந்து விக்க அனுமதி இருக்கு, சிங்கப்பூர்லயும் கத்தார்லயும் தடை, சிங்கப்பூர்ல கையில வச்சிருந்தாலே அபராதம். அனுமதி உள்ள ஊர்ல இருந்து மாறுறதா இருந்தா ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம், முழுசா மாறணும். ரூம்ல வேப், டீ பிரேக்ல சிகரெட்னு ரெண்டையும் வச்சுக்கிட்டா காசு டபுளா போகும், நெஞ்சுக்கு பெருசா லாபம் இல்ல. நிக்கோட்டின் அளவு பாட்டில்ல எழுதியிருக்கும், இங்கிலாந்துல ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல விக்கக் கூடாது, ஆனா 50 போட்டதும் சந்தையில சுத்துது, அதை ஆரம்பிச்சா சிகரெட்டை விட கெட்டியா ஒட்டிக்கும். மாசத்துக்கு ஒரு படியா அளவைக் குறைங்க, ஊருக்கு கிளம்ப முன்னாடி கம்முக்கு மாறிருங்க, டிவைஸை அங்கயே விட்டுட்டு வாங்க.

சிகரெட்டே பிடிக்காத தம்பி எவனாச்சும் ஃப்ளேவருக்காக வேப் கேட்டா அவனுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்ல, சும்மா இருக்கச் சொல்லுங்க.

அப்ப நமக்கு என்ன வழி

புகை இல்லாம நிக்கோட்டின் குடுக்குறதுதான் வேப்போட வேலை. அதே வேலையை கம்மும் பேட்ச்சும் செய்யும், சட்டத்துல பிரச்சினையும் இல்ல. அதை முறையா எடுத்தவன் கம்மி, அதனாலதான் "கம் எல்லாம் வேஸ்ட்டு"ன்னு பேரு.

மொதல்ல உங்க அடிமைத்தனம் எவ்வளவுன்னு பாருங்க. ஒரு நாளைக்கு எத்தனை அடிக்கிறீங்கன்னு எண்ணுறது இருக்கட்டும், காலையில கண்ணு முழிச்சு எவ்வளவு நேரத்துல மொத தம்? அரை மணி நேரத்துக்குள்ளன்னா பிடி கெட்டி, 4 மில்லிகிராம் கம் வேணும், அதுக்கு டாக்டர் சீட்டோட வாங்க. அரை மணிக்கு மேல தாங்குவேன்னா 2 மில்லிகிராம் போதும். பீடிக்காரவுகளுக்கும் இதே கணக்குதான். பீடி சின்னதுதானே, இலைதானேன்னு நெனைக்காதீங்க, அணையாம இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கும், உள்ள போற நிக்கோட்டினும் தாரும் சிகரெட்டுக்கு குறைஞ்சது இல்ல.

பேக்கெட்டை எடுத்து காசுக் கணக்கும் ஒரு தடவை போடுங்க. ஒண்ணு 18 ரூபான்னு வைங்க, நாளைக்கு பத்து, மாசம் 5,400. மீன்பிடித் தடைக்காலம் ரெண்டு மாசத்துக்கு 10,800 ஆச்சு. அந்த ரெண்டு மாசத்துக்கு அரசாங்கம் மீனவக் குடும்பத்துக்கு குடுக்குற நிவாரணமே 8,000 ரூபாதான்.

நாள் குறிக்கிறது

ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு தேதி வைங்க, அதுக்கு மேல தள்ளுனா அது தேதி இல்ல. எந்த நாள்ங்கிறதுல எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்கு தடை, ராத்திரி கடல் இல்ல, தூக்கம் ஒழுங்கா வரும், அதனால தடைக்காலத்துல விடலாம்னு நெறைய பேரு நெனைப்பாக. ஆனா அந்த ரெண்டு மாசம்தான் படகு வேலைன்னு கரையில பத்து பேரு கூடி, பெயிண்ட் காய்ற வரைக்கும் சீட்டும் தம்முமா உக்காந்திருப்பாக. பொழுது போகாம இருக்குறவனுக்கு அது மோசமான நேரம், வீட்டுல வேலை, நுங்கு பதநீர் யாவாரம், கூலி வேலைன்னு கை ஓடிக்கிட்டே இருக்குறவனுக்கு நல்ல நேரம். உங்களை உங்களுக்குத் தெரியும்.

நோன்பு வைக்கிறவுகளுக்கு ரமலான்தான் சரியான வாசல்னு சொல்வேன். பகல் பூரா இழுக்காம இருக்க முடியுதுல்ல, அப்ப உடம்பு தாங்குதுன்னுதானே அர்த்தம். கெட்டுப்போறது நோன்பு துறந்த அடுத்த அஞ்சு நிமிஷத்துலதான், கஞ்சி குடிச்ச கையோட வாசலுக்கு வந்து பத்த வைக்கிறது. அந்த அஞ்சு நிமிஷத்துக்கு கம்மை கையில வச்சுக்கோங்க. பகல்ல கம் மெல்லக் கூடாது, நோன்பு முறிஞ்சுரும், பேட்ச் ஒட்டலாமான்னு உங்க ஆலிம்ட்ட கேட்டுக்கோங்க.

முந்தின நாள் ராத்திரி வீட்டுல, வண்டி சைடு பாக்ஸ்ல, படகு கேபின்ல ஒளிச்சு வச்சது எல்லாத்தையும் எடுத்து தண்ணியில நனைச்சு குப்பையில போடுங்க. லைட்டரையும் சேர்த்துதான். அவசரத்துக்குன்னு ஒண்ணை வச்சா அந்த அவசரம் மறுநாளே வந்துரும்.

கம் மெல்லுறது எப்படி

போன தடைக்காலத்துல ஒரு விசைப்படகு டிரைவர் அண்ணன் வந்தாரு, பாதி தீர்ந்த அட்டையை கவுண்ட்டர்ல போட்டாரு.

"தம்பி, இதைத் தின்னா விக்கல்தான் வருது. ஆசை அடங்கல."

"எப்படிண்ணே மென்னீக?"

"எப்படி மெல்லுவாக, பல்லாலதான்."

நாலு நிமிஷத்துல சவைச்சு சக்கையாக்கி, எச்சியை முழுங்கி, டீயும் குடிச்சிருக்காரு. அப்படி மென்னா நிக்கோட்டின் வயித்துக்குத்தான் போகும், அங்க போனா வேலை செய்யாது, விக்கலும் நெஞ்செரிச்சலும் குமட்டலும்தான் மிச்சம். அது வாய்த் தோல் வழியா ரத்தத்துல ஏறணும்.

சரியான முறை இது. வாய்ல போட்டு மெதுவா மெல்லுங்க, அவசரமே வேணாம், கொஞ்ச நேரத்துல சுருக்குன்னு ஒரு காரம் நாக்குல ஏறும். ஏறுனதும் மெல்லுறதை நிறுத்துங்க. வெத்தலையை ஒதுக்குற மாதிரி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைங்க. ஒரு நிமிஷம் போல ஆகும், காரம் இறங்கிரும், மறுபடி நாலு மெல்லு, மறுபடி காரம், இந்த தடவை வேற பக்கம் ஒதுக்குங்க. இப்படியே அரை மணி நேரம், அதுக்குள்ள காரம் வராமப் போயிரும், துப்பிறலாம். சிகரெட் மாதிரி இழுத்த உடனே ஏறாது, மெதுவாத்தான் ஏறும், அதனால ஆசை உச்சிக்கு வந்தப்புறம் போடாம வரப்போகுதுன்னு தெரிஞ்ச உடனே போடணும்.

டீ, காப்பி, சோடா, கலர், எலுமிச்சை ஜூஸ் எதுவும் கம் போடுறதுக்கு கால் மணி நேரம் முன்னாடியும் வாய்ல இருக்கும்போதும் கூடாது. வாய் புளிச்சிருந்தா நிக்கோட்டின் தோல்ல ஏறாது. நம்ம ஊர்ல தம்மும் டீயும் ஒட்டிப் பொறந்ததுங்கிறதால இந்த ஒரு இடத்துலதான் முக்காவாசிப் பேரு கோட்டை விடுறாக.

அளவு: மொத ஆறு வாரம் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு, நாளைக்கு ஒம்பதாச்சும் ஓடணும், 24க்கு மேல கூடாது. சிக்கனம் பண்றேன்னு நாளைக்கு ரெண்டு மென்னுட்டு பத்தலைன்னு சொல்லக் கூடாது. ஏழாவது வாரத்துல இருந்து ரெண்டுல இருந்து நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு, பத்தாவதுல இருந்து நாலுல இருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணு, பன்னெண்டாவது வாரத்தோட முடிச்சிக்கலாம். கட்டுப்பல் போட்டவுக, தாடை வலி உள்ளவுக கம்மை விட்டுட்டு பேட்ச்சுக்குப் போங்க.

பேட்ச், மாத்திரை

பேட்ச்சுங்கிறது தோல்ல ஒட்டுற பிளாஸ்திரி, நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா நிக்கோட்டின் விடும். நாளைக்கு பத்துக்கு மேல அடிக்கிறவுக 21 மில்லிகிராம் ஆறு வாரம், அப்புறம் 14 ரெண்டு வாரம், 7 ரெண்டு வாரம். காலையில எழுந்ததும் மேல்கை, தோள்னு முடி இல்லாத இடமா பார்த்து ஒட்டுங்க, தினம் இடம் மாத்துங்க. நம்ம வேர்வைக்கும் உப்புத் தண்ணிக்கும் பிச்சுக்கிட்டு வந்துரும்னு பயப்படுவாக. குளிச்சுட்டு நல்லா துடைச்சு, எண்ணெய் கிண்ணெய் இல்லாம காய விட்டு, உள்ளங்கையால பத்து செகண்ட் அழுத்துனா நிக்கும். ராத்திரி கனாவா வந்து தொல்லை குடுத்தா படுக்கும்போது கழட்டிருங்க. பேட்ச்சும் போட்டு, ஆசை ஏறும்போது கம்மும் போடுறது ஒண்ணை மட்டும் எடுக்குறதை விட நல்லா வேலை செய்யும்.

வரெனிக்ளின், புப்ரோபியான்னு மாத்திரை இருக்கு, டாக்டர் சீட்டு இல்லாம தர மாட்டோம், வலிப்பு வந்தவுக புப்ரோபியான் பக்கமே போகக் கூடாது. சமீபத்துல மாரடைப்பு வந்தவுக, கர்ப்பமா இருக்குறவுக, பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்க கம் பேட்ச்சுக்கே டாக்டரைப் பார்த்துட்டுத்தான் வரணும். இன்னொண்ணு, ஏர்வாடி பக்கம் மனநல மருந்து எடுக்குறவுக நெறைய பேரு இருக்காக. குளோசாபின், ஒலான்சாபின் சாப்பிடுறவுக புகையை திடீர்னு நிறுத்துனா ரத்தத்துல மருந்து அளவு கூடிரும், டாக்டர்ட்ட முன்கூட்டியே சொல்லி டோஸை சரி பண்ணிக்கிட்டு அப்புறமா நிறுத்துங்க.

மொத ஒரு மாசம்

மொத மூணு நாள்தான் உச்சம். எரிச்சல், தலைவலி, தூக்கம் கெடுறது, பொண்டாட்டி பிள்ளைக மேல வள்ளுன்னு விழுறது எல்லாம் வரும், வீட்டுல முன்னாடியே சொல்லி வச்சுருங்க. ரெண்டுல இருந்து நாலு வாரத்துல அடங்கிரும். ஒவ்வொரு தடவை ஆசை ஏறும்போதும் அது சில நிமிஷம்தான் நிக்கும், கிராம்பு, சுக்கு, பனங்கற்கண்டு ஏதாச்சும் வாய்ல போட்டு அந்த இடத்தை விட்டு நகந்துருங்க.

டீ விஷயத்துல யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. புகை பிடிக்கிற உடம்பு டீ காப்பில உள்ள காஃபீனை சீக்கிரம் வெளிய தள்ளும், விட்டதும் அந்த வேகம் குறைஞ்சு அதே நாலு டீ எட்டு டீ மாதிரி ஏறும். படபடப்பு, தூக்கம் வராமை, இதெல்லாம் சிகரெட் விட்டதாலன்னு நெனைச்சு திரும்ப பத்த வைக்கிறாக. டீயைப் பாதியாக்குங்க, முடிஞ்சா கொஞ்ச நாளைக்கு கடையையும் மாத்துங்க, வழக்கமா நிக்கிற கடைக்காரரு நீங்க கேக்காமயே டீயோட ஒண்ணை நீட்டிருவாரு.

இருமல் மொத சில வாரம் கூடலாம், நெஞ்சுல தேங்குனதை உடம்பு வெளிய தள்ளுது. ஆனா சளியில ரத்தம் வந்தாலோ, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் விடாம இருந்தாலோ, எடை குறைஞ்சாலோ கவர்மெண்ட் ஆஸ்பத்திரில சளி டெஸ்ட் குடுங்க, காசு கிடையாது. மலச்சிக்கலும் வரும், பழமும் தண்ணியும் சேர்த்துக்கோங்க.

கடலுக்குப் போறவுகளுக்கு கஷ்டம் எங்கன்னா, வலை இழுக்குற நேரத்துல இல்ல, கை நெறைய வேலை இருக்கும்போது யாருக்கும் தம் நெனப்பு வராது. மடியை, அதாவது இழுவலையை, கடல்ல இறக்கிட்டு ரெண்டு மூணு மணி நேரம் படகு சும்மா இழுத்துக்கிட்டு போகும்போதுதான். நாலு பேரு பத்த வைப்பான், காத்து உங்க பக்கம்தான் அடிக்கும், எந்திரிச்சுப் போக இடமும் இல்ல. கம் அட்டையை செல்போன் போட்டு கட்டுற அதே பிளாஸ்டிக் கவர்ல வைங்க, மடி இறங்குன உடனே ஒண்ணை ஒதுக்கிருங்க. மீன் கையோட அட்டையைப் பிச்சு வாய்ல போட முடியாது, அதனால கரையில இருக்கும்போதே நாலஞ்சைப் பிரிச்சு சின்ன டப்பாவுல போட்டுக்கிறது உத்தமம். கூட வர்றவுகள்ட்ட ஒரு தடவை சொல்லிருங்க, "மாப்ள, எனக்கு நீட்டாத"ன்னு. கிண்டல் பண்ணுவான், ரெண்டு டிரிப்புல மறந்துருவான்.

சிகரெட்டை விட்டுட்டு ஹான்ஸ், கூல் லிப்னு புகையிலையை உதட்டுக்கடியில வைக்கிறது விட்ட கணக்குல வராது. புகை நுரையீரலுக்குப் போறது நிக்கும், வாய்ப்புத்து வாசல் திறக்கும். கம்முல இருக்குறது சுத்தம் பண்ணுன நிக்கோட்டின், அதுல இருக்குறது புகையிலையே. ரெண்டும் வாய்லதானே வைக்கிறோம்னு என்கிட்ட வாதாடாதீங்க.

நடுவுல ஒரு கல்யாண வீட்டுல, துக்க வீட்டுல ஒண்ணு அடிச்சுட்டா எல்லாம் போச்சுன்னு பேக்கெட் வாங்கிறக் கூடாது. பேட்ச் ஒட்டியிருக்கும்போது ஒண்ணு இழுத்துட்டா பேட்ச்சைப் பிச்சு எறியவும் வேணாம், அடுத்ததை மட்டும் பத்த வைக்காதீங்க. எங்க யார் கூட நிக்கும்போது நடந்துச்சுன்னு பார்த்து, கொஞ்ச நாளைக்கு அங்க நிக்காம இருங்க.

பேச ஆள் வேணும்னா புகையிலையை விட உதவுற அரசாங்க நம்பர் 1800-11-2356, இலவசம், நீங்க வாங்குற பேக்கெட்லயே படத்துக்குக் கீழ அச்சடிச்சிருக்கும். மனசு ரொம்ப சரியில்லைன்னா மனநல உதவிக்கு 14416, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க.

கடைசியா, கம்மும் பேட்ச்சும் பிள்ளைக கைக்கு எட்டாத உசரத்துல இருக்கணும், புதினா வாசனைக்கு மிட்டாய்னு நெனைச்சு வாய்ல போட்டுரும், சின்னப் பிள்ளைக்கு அந்த அளவே விஷம். மென்னு துப்புனதை பேப்பர்ல சுத்தி, கழட்டுன பேட்ச்சை ஒட்டுற பக்கம் உள்ள வர்ற மாதிரி ரெண்டா மடிச்சு குப்பையில போடுங்க. முழுங்கிட்டான்னு தெரிஞ்சா கை வைத்தியம் பார்க்காம 108க்கு போன் போட்டுட்டு அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க.